பெருந்தொற்றுக் காலத்தில் ஆய்வகமும் ஆய்வாளரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. அமலுக்கு வர நான்கு மணி நேரம்தான் இருந்தது. இன்குபேட்டரில் செல்கள் வளர்ந்துகொண்டிருந்தன, எலிகளுக்கு மறுநாள் தீவனம் வைக்க வேண்டும். பல இடங்களில் மாணவர்களை ஹாஸ்டலைக் காலி செய்யவும் சொல்லியிருந்தார்கள். அப்போது எழுந்த கேள்விகளும், அதன் பின்விளைவாக இன்றுவரை வந்துகொண்டிருக்கும் கேள்விகளும் இங்கே.

ஆய்வகத்தை மூன்று மாதம் மூடினால் மூன்று மாத வேலைதானே பின்தங்கும்?

அப்படிக் கணக்கு வராது. மூடிய நாள் வேறு, இழந்த நாள் வேறு.

மரபணு மாற்றிய எலிகளை எடுத்துக்கொள்வோம். பராமரிக்க ஆளில்லாமல், ஒவ்வொரு வகையிலும் இரண்டு ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கொல்ல வேண்டி வந்த ஆய்வகங்கள் உலகெங்கும் உண்டு. திறந்த அன்றே அந்த ஜோடிகளைச் சேர்த்தாலும் கர்ப்பகாலம் 19 முதல் 21 நாள். பிறந்த குட்டி இனப்பெருக்கத்துக்குத் தயாராக 6 முதல் 8 வாரம். ஆக ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய பத்து வாரம். ஒரே எலியில் மூன்று மரபணு மாற்றங்கள் சேர வேண்டும் என்றால் இரண்டு மூன்று தலைமுறை கலப்பு தேவை. முதல் பரிசோதனைக்கு எலி கைக்கு வரவே அரை வருடம் ஓடிவிடும். முதுமை பற்றிய ஆய்வுக்காக 18 மாதம் வளர்த்த எலியை இழந்தவருக்கு அடுத்த எலி 18 மாதம் கழித்துத்தான்.

களப்பணியில் இன்னும் மோசம். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிடுவது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அதில் மூன்று வாரம் கடற்கரைக்குப் போக முடியாவிட்டால், அந்த மூன்று வாரத்துத் தரவு அடுத்த ஆண்டும் கிடைக்காது. அது வேறோர் ஆண்டின் தரவாகத்தான் இருக்கும். ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ கருவிகளின் மூன்றாவது நோக்கீட்டுச் சுற்று 2020 ஏப்ரல் 30 வரை ஓடவேண்டியது. மார்ச் 27-லேயே நிறுத்தினார்கள். அந்த ஒரு மாதத்தில் பூமியைக் கடந்துபோன அலைகள் போனவைதான்.

எல்லா ஆய்வாளர்களுக்கும் ஒரே அளவு பாதிப்பா?

இல்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 4,535 ஆய்வாளர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், வாரத்துக்குச் சராசரியாக 61 மணி நேரமாக இருந்த உழைப்பு 54-ஆகக் குறைந்திருந்தது. சராசரி இங்கே ஏமாற்றும். கணினியும் காகிதமும் போதும் என்ற கணிதம், புள்ளியியல், பொருளியல் துறைகளில் அடி லேசாக விழுந்தது. உயிர்வேதியியல், வேதியியல் போன்ற மேசைப் பரிசோதனைத் துறைகளில் ஆய்வு நேரம் 30 முதல் 40 சதவீதம் சரிந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், மற்ற எல்லாம் சமமாக இருந்தும், ஆய்வு நேரம் மேலும் 17 சதவீதம் குறைந்தது. பெண்களின் இழப்பு ஆண்களைவிட அதிகம்.

ஆனால் அந்த ஆண்டு ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தனவே?

குவிந்தன. அவற்றில் பல, அலமாரியில் ஏற்கெனவே இருந்த தரவிலிருந்து எழுதப்பட்டவை. வீட்டில் உட்கார்ந்தவர்கள் பாதியில் கிடந்த கையெழுத்துப் பிரதிகளை முடித்து அனுப்பினார்கள். உண்மையான சேதம் அடுத்த வரிசையில் இருந்தது. பின்னர் வந்த ஓர் ஆய்வில், 2019-இல் புதிய திட்டம் எதையும் தொடங்காதவர்கள் சுமார் 9 சதவீதம். 2020-இல் அது 27 சதவீதம். புதிய திட்டம் என்பது பெரும்பாலும் வெளியாளோடு காபிக் கடையில் தொடங்குவது, திரையில் அது முளைக்கவில்லை. இன்று தொடங்காதது கட்டுரைப் பட்டியலில் தெரிய மூன்று நான்கு வருடம் ஆகும். 2020-இன் எண்ணிக்கையைக் காட்டி “பாதிப்பே இல்லை” என்று சொல்லும் நிர்வாகிகள் விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்ட வீட்டில் நின்றுகொண்டு பானை நிறைந்திருக்கிறது என்கிறார்கள்.

48 மணி நேரத்தில் ஆய்வகத்தை மூடச் சொன்னால் முதலில் எதைச் செய்வது?

திரும்ப உருவாக்க முடியாதது முதலில், விலை கொடுத்து வாங்கக்கூடியது கடைசியில். பதற்றத்தில் பலர் விலையுயர்ந்த கிட்டுகளைப் பத்திரப்படுத்திவிட்டு, தாங்களே இரண்டு வருடம் தேர்ந்தெடுத்த செல் வரிசையை (தொடர்ந்து பெருக்கிவரும் ஒரே வகைச் செல்கள்) இன்குபேட்டரிலேயே விட்டுப் போனார்கள்.

செல்களை உறையவைக்க: நன்றாகப் பெருகிக்கொண்டிருக்கும் நிலையில் எடுங்கள், தட்டு நிரம்பி வழியும் நிலையில் வேண்டாம். ஒரு குப்பிக்கு 10 முதல் 20 லட்சம் செல்கள், உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ கரைப்பான் 10 சதவீதம், மீதி சீரம். நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர வேண்டும். ஐசோபுரோப்பனால் ஊற்றிய உறைபெட்டியில் வைத்து ஓர் இரவு மைனஸ் 80-இல் விட்டால் அந்த வேகம் தானாகக் கிடைக்கும். பெட்டி இல்லையென்று குப்பியை நேராக ஃப்ரீசரில் போட்டால் செல்லுக்குள் பனிப்படிகம் உண்டாகிக் கிழித்துவிடும். மறுநாள் திரவ நைட்ரஜனுக்கு மாற்றுங்கள். மைனஸ் 80-இலேயே மாதக்கணக்கில் விட்டால் உயிரோடிருக்கும் செல்களின் பங்கு இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து குப்பியாவது வையுங்கள், அவற்றை இரண்டு தொட்டிகளில் பிரித்து வையுங்கள். நேரமிருந்தால் ஒன்றை உருக்கிப் பார்த்துவிடுங்கள்.

உருளைப்புழு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பட்டினி போட்ட முதல் பருவப் புழுக்களைக் கிளிசராலில் கலந்து மைனஸ் 80-இல் வைத்தால் வருடக்கணக்கில் கிடக்கும். பழ ஈ வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. 25 டிகிரியில் பத்து நாளுக்கு ஒரு தலைமுறை. 18 டிகிரிக்கு இறக்கினால் ஏறக்குறைய இருபது நாள். எனவே மூடும் நாளில் எல்லாக் குப்பிகளையும் 18 டிகிரி அறைக்கு மாற்றி, ஒவ்வொரு வகையிலும் ஒரு வார இடைவெளியில் இரண்டு குப்பி வைத்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதுத் தீனிக்கு மாற்ற ஒருவருக்கு அனுமதிச் சீட்டு வாங்கிவிட வேண்டும். இரண்டு குப்பி எதற்கு? ஒன்றில் பூஞ்சையோ சிலந்திப் பேனோ பற்றினால் மற்றது தப்பிக்கும்.

கருவிகளில் சில சிறிய விஷயங்கள் பெரிய செலவாகும். கலவையைப் பிரிக்கும் எச்பிஎல்சி கருவியின் பிரிப்புக் குழாயை (column) உப்புக் கரைசலோடு விட்டால் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும், பாக்டீரியாவும் வளரும். முதலில் தண்ணீர் கலந்த மெத்தனாலால் உப்பைக் கழுவிவிட்டு, பிறகு அசிட்டோநைட்ரைல் அதிகமுள்ள கலவையில் மூடி வையுங்கள். பிஎச் மீட்டரின் மின்முனை மூன்று மோலார் பொட்டாசியம் குளோரைடில் இருக்க வேண்டும், வடிகட்டிய நீரில் அல்ல. மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் வெற்றிடப் பம்பை நம்பகமான மின்சாரம் இருந்தால் ஓடவிடுங்கள், நிறுத்தினால் பழைய நிலைக்குக் கொண்டுவர நாட்கணக்கில் ஆகும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவியின் காந்தத்துக்குத் திரவ நைட்ரஜன் வாராவாரம், ஹீலியம் சில மாதத்துக்கு ஒருமுறை. ஹீலியம் தவறினால் காந்தம் மீக்கடத்தும் தன்மையை இழக்கும். உள்ளிருக்கும் திரவம் சுமார் 700 மடங்கு வாயுவாக விரிந்து அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். “அத்தியாவசியப் பணியாளர்” பட்டியலில் பேராசிரியர் பெயர் இருந்து, ஹீலியம் நிரப்பத் தெரிந்த டெக்னீஷியன் பெயர் இல்லாமல் போனால் அந்தப் பட்டியலால் பயனில்லை.

கதவைப் பூட்டும் முன் எல்லா சிங்க்குகளிலும் தரைக் குழிகளிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அடியிலுள்ள வளைவுக் குழாயில் தண்ணீர் வற்றினால் சாக்கடை வாயு உள்ளே வரும்.

மைனஸ் 80 ஃப்ரீசர் ஆளில்லாத இடத்தில் தாங்குமா?

நிரம்பிய, கதவு திறக்காத ஃப்ரீசர் மின்சாரம் போன பிறகும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பாதி காலியாக இருப்பது சீக்கிரம் சூடேறும், காலி இடத்தில் ஐஸ் பேக்குகளை அடுக்குங்கள். பழுதுக்கு ஒரு பொதுவான காரணம் கண்டென்சர் வடிகட்டியில் அடைந்த தூசு, மூடும் முன் கழற்றித் தட்டுங்கள். நம் ஊர்களில் இன்னொன்று: மின்சாரம் திரும்பியதும் எட்டு ஃப்ரீசரும் ஒரே நொடியில் கம்ப்ரஸரைக் கிளப்பினால் பிரேக்கர் விழுந்துவிடும், யாருக்கும் தெரியாமல் இரவு முழுக்க அப்படியே கிடக்கும். ஸ்டெபிலைசரில் தாமத நேரத்தை ஒன்றுக்கொன்று மாற்றி அமையுங்கள். அலாரம் இரண்டு பேரின் கைப்பேசிக்குப் போக வேண்டும், ஒருவராவது நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

திரவ நைட்ரஜன் தட்டுப்பாடு வருமா?

வந்தது. 2021 ஏப்ரல், மே இரண்டாம் அலையில் இந்தியாவில் நைட்ரஜன், ஆர்கான் டேங்கர்களை மருத்துவ ஆக்சிஜன் ஏற்ற மாற்றினார்கள். அது சரியான முடிவு. ஆனால் ஆய்வகம் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். தொட்டியின் மட்டத்தை மரக்குச்சியால் அளந்து, பனி பூத்த உயரத்தை வாரம் இருமுறை எழுதினால் உங்கள் தொட்டி எவ்வளவு நாள் தாங்கும் என்பது தெரிந்துவிடும். உள்ளே துளையுள்ள குழாயை விடாதீர்கள், திரவம் மேலே பீய்ச்சியடிக்கும். தட்டுப்பாடு கடுமையானால், இரண்டு தொட்டி என்பதை விட்டு, பக்கத்துத் துறையோடு சேர்ந்து அருமையான குப்பிகளை ஒரே தொட்டியில் வைத்து மற்றதைக் காலிசெய்வது நல்லது.

பைப்பெட் டிப்புகூடக் கிடைக்காமல் போனது ஏன்?

பரிசோதனை மையங்கள் அதே வடிகட்டி டிப்பைத்தான் லட்சக்கணக்கில் வாங்கின. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் பனிப்புயலில் பாலிபுரோப்பிலீன் ஆலைகளும் நின்றன. ஆர்என்ஏ பிரிக்கும் கிட், ஸ்வாப் எல்லாம் அதே கதை. பல நிறுவனங்கள் தங்கள் ஆர்டி-பிசிஆர் கருவிகளையே பரிசோதனைக்குக் கொடுத்தன. ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பி போன்றவை தாங்களே பரிசோதனை மையங்களாயின. கொடுத்த கருவி திரும்பியதும் ஒளியியல் அளவுத்திருத்தம் செய்யாமல் பழைய தரவோடு ஒப்பிடாதீர்கள்.

திரும்பத் திறக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதல் நாள் பரிசோதனைக்கு இல்லை. டைஎத்தில் ஈத்தர், டிஎச்எஃப் (THF) ஆகிய கரைப்பான்களின் புட்டிகளை எடுங்கள். காற்றுப்பட்டு நாளானால் பெராக்சைடு உண்டாகும். மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் தெரிந்தால் தொடவே கூடாது, திருகும் உராய்வே போதும் வெடிக்க. பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிடுங்கள். படிகம் இல்லையென்றால் சோதனைப் பட்டையால் பாருங்கள்: 25 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 25 பங்கு) மேல் காய்ச்சி வடிக்கக் கூடாது, 100-க்கு மேல் அப்புறப்படுத்த வேண்டும். குழாய்களையும் கண் கழுவியையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். தேங்கிய நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும், சாரல் முகத்தில் படாமல் நில்லுங்கள். பயோசேஃப்டி கேபினெட்டின் (தொற்றுப் பொருளைக் கையாளும் காற்று வடிகட்டிய பெட்டி) வருடாந்திரச் சான்று காலாவதியாகியிருக்கும், அது வரும்வரை தொற்றுப் பொருளைத் திறக்காதீர்கள்.

ஷிப்ட் முறையில் எப்படிப் பிரிப்பது?

குழுக்களாகப் பிரியுங்கள், ஆளை மாற்றாதீர்கள். அ குழு காலை, ஆ குழு மாலை, நடுவே அரை மணி நேரம் காற்றோட்டம். தேவைக்கேற்ப ஆள் மாறினால் ஒருவருக்குத் தொற்று வந்தாலும் இரு குழுவும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வைத்தால் செல் வளர்ப்பு அறையின் உண்மை தெரியும். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம், அறையில் 1,000 தாண்டினால் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கிறார் என்று பொருள். ஆனால் இன்குபேட்டரிலிருந்து கசியும் வாயுவும் அதில் சேரும், கதவு திறந்த உடனே படிக்காதீர்கள்.

கூட்டத்தைக் குறைக்கப் போய் இரவு இரண்டு மணிக்கு ஒற்றை ஆளாக நிற்கவைத்தது ஷிப்ட் முறையின் பெரிய தவறு. காற்றுப்பட்டால் தீப்பிடிக்கும் வேதிப்பொருள், அதிக அழுத்தம், ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஆகியவற்றோடு தனியாக வேலை கூடாது. பக்கத்து அறையில் ஓர் ஆள் இருக்க வேண்டும். வீடியோ அழைப்பு உதவி கேட்கப் பயன்படும், தீயை அணைக்காது.

கோவிட் வந்து வாசனை தெரியவில்லை. வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்யலாமா?

செய்யலாம், ஆனால் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிவிட்டு. வாயுக் கசிவு, சிந்திய கரைப்பான், கருகும் வயர் எல்லாவற்றையும் முதலில் காட்டிக்கொடுப்பது மூக்குதான், நாம் அதைக் கருவியாகக் கணக்கெடுப்பதில்லை. வாசனை திரும்பும்வரை வாயு உணரி மாட்டிக்கொள்ளுங்கள், ஃப்யூம் ஹூட்டுக்கு (வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) வெளியே கரைப்பானைத் திறக்காதீர்கள். திரும்பியதும் சிலருக்குக் காபி வாசனைகூடக் கருகல் நாற்றமாகத் தெரியும், அந்தக் காலத்திலும் மூக்கை நம்பாதீர்கள்.

பிஎச்.டி. மாணவருக்கு அவகாசம் கொடுத்தார்களே, போதவில்லையா?

நேரம் கொடுத்தார்கள், பணம் கொடுக்கவில்லை. 2020-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஆறு மாதம் கூடுதலாகத் தந்தது, பிறகு மேலும் நீட்டித்தது. ஃபெல்லோஷிப் மட்டும் ஐந்தாண்டுக்குள்தான் என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு இளநிலை ஃபெல்லோஷிப் (ஜேஆர்எஃப்) மாதம் 31,000 ரூபாய், முதுநிலை (எஸ்ஆர்எஃப்) 35,000. ஐந்தாம் ஆண்டு முடிந்தவருக்கு ஆய்வகம் திறந்தபோது கையில் ஒன்றும் இல்லை. பிரிட்டனில் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆறு மாதம்வரை உதவித்தொகையோடு நீட்டித்தார்கள், வேண்டியது அதுதான்.

மாணவர் செய்யக்கூடியது: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்தக் கருவி, விலங்கு, களம் கிடைக்கவில்லை என்று அப்போதே எழுதி, கைடின் கையெழுத்தோடு ஆய்வுக் குழுவின் குறிப்பில் பதிய வையுங்கள். இரண்டு வருடம் கழித்து “கோவிட்டால் தாமதம்” என்று ஒரு வரி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

மனநலத்துக்கு ஆய்வகத்தில் என்னதான் செய்ய முடியும்?

தியானச் செயலியின் இணைப்பை அனுப்புவதைவிட ஒரு கெடு தேதியைத் தள்ளிவைப்பது அதிகம் உதவும். மாணவரின் மனநெருக்கடியில் பெரும்பங்கு நிச்சயமின்மையிலிருந்து வருகிறது: எப்போது திறக்கும், உதவித்தொகை வருமா, கைடு என்ன நினைக்கிறார். இதில் மூன்றாவதைக் கைடு ஒரே வாக்கியத்தில் தீர்க்கலாம்.

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் தனியாகப் பேசுங்கள். முதல் பத்து நிமிடம் வேலையைப் பற்றிக் கேட்காதீர்கள். குழுக் கூட்டத்தில் கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டை எல்லோருக்கும் காட்ட யாருக்கும் மனம் வராது. கவனிக்க வேண்டியது அழுகையை மட்டுமல்ல. வழக்கமாகப் பதில் போடுபவர் மூன்று நாள் மெசேஜைப் பார்க்காமலே இருப்பது, அதிகாலை மூன்று மணிக்கு மின்னஞ்சல் அனுப்புவது, ஒரே வரைபடத்தைப் பத்து முறை திருத்துவது இவையும் அடையாளங்கள்தான்.

மாணவருக்கு ஒன்று: மௌனமாக இருந்து கெடுவைத் தவறவிடுவதைவிட, “சார், இந்த மாதம் நாலாவது அத்தியாயம் முடியாது. படங்களை மட்டும் 15-ஆம் தேதிக்குள் அனுப்புகிறேன்” என்று முன்பே எழுதிவிடுங்கள். தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ கைடுவரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

நம் துறையை விட்டுக் கோவிட் ஆய்வுக்குத் தாவுவது சரியா?

உங்கள் திறன் அங்கே தேவையென்றால் சரி. பிரிட்டனில் கோவிட் மருந்துகளைச் சோதித்த ரிகவரி ஆய்வு 2020 மார்ச் 19-இல் முதல் நோயாளியைச் சேர்த்து, ஜூன் 16-இல் டெக்ஸாமெத்தசோன் வென்டிலேட்டர் நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று அறிவித்தது. நாளுக்கு ஆறு மில்லிகிராம், மலிவான பழைய மருந்து. எளிய கேள்வி, ஏராளமான மருத்துவமனைகள், சீரற்ற ஒதுக்கீடு, அவ்வளவுதான்.

எதிர் உதாரணமும் அதே காலத்தில். மே 22-இல் லான்செட் இதழில், 671 மருத்துவமனைகளின் 96,000 நோயாளிகள் என்று சொல்லி மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆபத்து என்ற கட்டுரை வந்தது. உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வின் அந்தப் பகுதியை நிறுத்திவைத்தது. தரவு தந்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் மூலத் தரவைக் காட்ட மறுத்ததால் ஜூன் 4-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். இணை ஆசிரியர்கள் மூலத் தரவைக் கண்ணால் பார்த்திருக்கவில்லை. அவசரத்திலும் விடக்கூடாத படி அது ஒன்றுதான்.

இந்தியாவில் தரவே வேறு சிக்கல். 2021 ஏப்ரல் இறுதியில் முந்நூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவிடம் (ஐசிஎம்ஆர்) உள்ள விரிவான பரிசோதனைத் தரவைத் திறந்துவிடுங்கள் என்று பிரதமருக்கு எழுதினார்கள். கடிதம் போனபோது இரண்டாம் அலை ஏற்கெனவே உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஊடகத்தில் பேசும் விஞ்ஞானிகளுக்கு மிரட்டல் வந்தால்?

அரிதல்ல. 2021-இல் நேச்சர் இதழ் கேட்ட 321 விஞ்ஞானிகளில் 15 சதவீதத்தினருக்குக் கொலை மிரட்டல் வந்திருந்தது. பெல்ஜியத்தில் வைரஸ் நிபுணர் மார்க் வான் ரான்ஸ்டை, ஆயுதங்களோடு தலைமறைவான ஒரு ராணுவ வீரரால் குறிவைக்கப்பட்டதால், குடும்பத்தோடு ரகசிய இடத்தில் வைத்திருந்தார்கள். பேட்டி கொடுக்கும் முன்பே உங்கள் கைப்பேசி எண்ணை நிறுவன இணையதளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மிரட்டலை அழிக்காமல் தேதியும் முகவரியும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். பதிலளிக்க வேண்டாம். மின்னஞ்சல் பெட்டியை வேறொருவர் படித்து வடிகட்டட்டும். நிறுவனம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தனியாளாக அலையவிடக் கூடாது.

பிளேக் காலத்தில் வீட்டிலிருந்தே நியூட்டன் சாதித்தாரே?

1665-இல் கேம்பிரிட்ஜ் மூடியபோது அவருக்கு 22 வயது. அப்போதுதான் பட்டம் வாங்கியிருந்தார், ஊரில் பண்ணை இருந்தது. தீவனம் வைக்க எலியும் இல்லை, ஆன்லைன் வகுப்பில் உட்கார வைக்கக் குழந்தையும் இல்லை.

நன்மை எதுவுமே இல்லையா?

சில துறைகளுக்கு உண்டு. நில அதிர்வு ஆய்வாளர்கள் 268 நிலையங்களின் பதிவுகளைப் பார்த்தபோது, மனித நடமாட்டத்தால் வரும் உயர் அதிர்வெண் இரைச்சல் 50 சதவீதம்வரை குறைந்திருந்தது. வழக்கமாக நகர இரைச்சலில் மூழ்கிவிடும் சிறு நடுக்கங்கள் தெரிந்தன.

விண்ணப்பத்தில் அந்த இடைவெளியை எப்படிக் காட்டுவது?

மன்னிப்புத் தொனி வேண்டாம், நாட்களையும் விளைவையும் எழுதுங்கள். “2020 மார்ச் 25 முதல் செப்டம்பர் 10 வரை விலங்குக்கூடம் மூடல், இரு மரபணு வகைகள் மறுபடி உருவாக்க 2021 ஏப்ரல் வரை. இக்காலத்தில் பழைய தரவின் மறுபகுப்பாய்வு, ஒரு கட்டுரை” என்பது போல. தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த வரியைப் படித்துவிட்டு, 2022-இல் ஏன் கட்டுரை குறைவு என்று கேட்காதீர்கள்.